பாறைக்கு மேலே ஏறிய தீபிகா

தீபிகாவுக்கு நீச்சல் தெரியாது. ஆறு என்றால் மணல்தான் என்று நினைத்துக் குடியாத்தத்தில் வளர்ந்தவள். பெங்களூரில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை, ஈஜிபுராவில் வாடகை வீடு. அவளுக்கு அது போதும். தண்ணீர் ஆசையெல்லாம் புருஷன் ஹரிஷ்குமாருக்குத்தான். ராயலசீமாவின் காய்ந்த பொட்டல் நடுவே, சிவப்புப் பாறைகளை ஆழமாக அறுத்துக்கொண்டு போகும் வடபெண்ணை ஆற்றில் கேனோ என்கிற துடுப்புப் படகில் நான்கு நாள் பயணம் என்று போனில் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை.

ஹரிஷுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. வேளாவேளைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டால்தான் உயிர். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊசி போட்டுக்கொள்வான். வேன் ஏறும்போதே தீபிகா சொன்னாள், "ஏங்க, கைடுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்."

"சொன்னா கூட்டிட்டுப் போகமாட்டான். பேசாம இரு. ரெண்டு இன்சுலின் பேனா எடுத்து வச்சிருக்கேன்."

அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

கைடு கேசவ் மல்லேஸ்வரத்துக்காரன், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவான். இவர்களோடு வந்த இன்னொருத்தி சுனிதா, ரிட்டயரான பாங்க் ஆபீசர், தனியாக ஊர் சுற்றுகிறவள். இரண்டு கேனோ, நாலு பேர். முதல் நாள் சுகமாகப் போயிற்று. இருபுறமும் பாறைச் சுவர், மேலே ஒரு கீற்று வானம். ஹரிஷ் பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டான்.

இரண்டாம் நாள் பிற்பகல், ஒரு வளைவில் காற்று திடீரென்று எதிரே அடித்து இவர்கள் கேனோவைக் கவிழ்த்தது. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் இருவரும் மிதந்தார்கள். கேசவ் குதித்துத் தீபிகாவை இழுத்துக் கரை சேர்த்தான். மறுபடி போய்ப் படகைப் பாறையிலிருந்து இழுக்கும்போது அவன் வலது தோள் நழுவிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. படகு கிடைத்தது. ஹரிஷின் பை கிடைக்கவில்லை. இரண்டு பேனாவும் அதற்குள்தான் இருந்தன.

தீபிகா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். "சாப்பிடாம இருந்தா ஒண்ணும் ஆகாது. காலையில பார்த்துக்கலாம்," என்று அவள் காதருகே சொன்னான். அன்று இரவு பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தான். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவில்லை. விடியும்போது வாந்தி எடுக்க ஆரம்பித்தான். மூச்சு, ஓடி வந்தவன் மாதிரி வேகமாக வாங்கியது. வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை.

அப்போதுதான் அவள் கேசவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா என் பாக்ஸ்ல ஒண்ணு வச்சிருப்பேன் மேடம்," என்றான் கேசவ். அடுத்த ஊர்க் கரைக்கு ஒரு முழுநாள் துடுப்புப் போட வேண்டும், அதுவும் எதிர்க்காற்றில். கேசவால் கையை அசைக்கவே முடியவில்லை. சுனிதாவுக்கு முட்டி வலி. பள்ளத்துக்குள் யார் போனிலும் சிக்னல் இல்லை.

"ஆடு ஏறுற தடம் ஒண்ணு இருக்கு. மேல போனா சிக்னல் வரலாம். என் போனை எடுத்துட்டுப் போய், நம்ம வேன் டிரைவர் முனிகிருஷ்ணனுக்குப் போடுங்க. கூகைப் பாறை வளைவுன்னு சொன்னா போதும், அவருக்குத் தெரியும்."

"நான் இவரைப் பார்த்துக்கறேன், நீ போம்மா," என்றாள் சுனிதா.

தீபிகா ஏறினாள். கைவைத்த கல்லெல்லாம் சுட்டது. ஓரிடத்தில் தடம் முடிந்து வெறும் பாறையாக நின்றது. கீழே பார்த்துவிட்டு அப்படியே ஒட்டிக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போய் அவன் பக்கத்திலாவது உட்கார்ந்திருக்கலாம். "கெங்கையம்மா, என்னை விட்டுடாதே," என்று ஊர் அம்மனை வேண்டி முனகிக்கொண்டே முட்டியும் வயிறும் தேய மேலே ஊர்ந்தாள்.

மேலே ஒரு ஈ காக்கை இல்லை. கல்லும் முள்ளும் வெயிலும்தான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த கரண்ட் கம்பங்களைப் பார்த்து நடந்தாள். சிக்னல் வந்தது, போனது. எத்தனையோ தடவை போட்ட பிறகு முனிகிருஷ்ணன் எடுத்தான்.

"அண்ணே, இன்சுலின் வேணும், படகு வேணும். அவர் உயிர் போயிடும்ணே."

"எந்த இடம்மா?"

"கூகைப் பாறை வளைவு. கூகைப் பாறை."

"என்ன பாறை? கேக்கல..."

லைன் அறுந்தது. அதன்பின் வரவேயில்லை. இடம் அவன் காதில் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அங்கேயே நின்று போட்டுக்கொண்டே இருப்பதா, கீழே போவதா? போன் செத்ததும் அந்தக் கேள்வியும் போயிற்று. கரண்ட் கம்பத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு இறங்கினாள்.

ஹரிஷுக்கு நினைவு தப்பியிருந்தது. சுனிதா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது. தீபிகா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வளைவையே பார்த்திருந்தாள். வெயில் எதிர்ச்சுவரின் உச்சிக்கு ஏறியபோது இன்ஜின் சத்தம் கேட்டது. மீன்காரர் ஒருவரின் படகில் முனிகிருஷ்ணன். இடத்தில் வளைவு என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது. ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் போட்டார்கள். டாக்டர் தெலுங்கில் திட்டினார். இப்படிப்பட்டவரை ஆற்றில் இறக்கினவர் யார் என்று கேட்டார். அவளுக்கு அந்த பாஷை நன்றாகவே புரியும். நான்தான் என்று சொல்லிவிட்டு நின்றாள்.

அவன் கண் திறக்க இரண்டு நாள் ஆயிற்று. பிழைத்துவிட்டான், ஆனால் சிறுநீரகம் பழைய மாதிரி இல்லை என்றார்கள். அவன் மேனேஜர் அவளைப் போனில் கூப்பிட்டு என்ன காய்ச்சலா என்று விசாரித்தபோது, ஹரிஷ் கட்டிலிலிருந்து கைகாட்டித் தடுத்தான். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஈஜிபுராவுக்குத் திரும்பிய பின்னும் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை. தூக்கத்தில் அவன் மூச்சு கொஞ்சம் வேகமாக வாங்கினாலே எழுந்து விளக்கைப் போட்டு, வாயருகே குனிந்து முகர்ந்து பார்ப்பாள்.