அம்மா சைக்கிள் ஓட்டிய ஞாயிறுகள்

சனிக்கிழமை வாங்கிய கீரையை ஞாயிற்றுக்கிழமை வாங்கியதுபோல் காட்டுவதில் என் அம்மா கெட்டிக்காரர். ஈரத் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். மறுநாள் காலை சைக்கிள் சவாரி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு, பாசாரிலிருந்து வருகிறவர்போல் வீட்டுக்குள் நுழைவார். இரவு வேலை முடிந்து வந்த அப்பா அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பார்.

ஆன்ட்டிதான் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஜார்ஜ் டவுனைச் சுற்றுவார். மொத்தம் எட்டுப் பேர். முப்பத்தைந்து வயதில், எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றவர் அம்மா. எட்டு வயதான நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவர் முதுகு மட்டுமே தெரியும். ஆனால் பாடாங் கோத்தா கடற்கரைக்கு வந்ததும் அம்மா ஏதாவது பாட்டை முணுமுணுக்கத் தொடங்குவார். வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

அப்பா கெட்டவர் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் அவருக்கு. அந்த நாலு பேரில் மூன்று பேர் பெரியப்பா. அதனால், அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். நானும் விடவில்லை. பாசாரில் என்ன மீன் வந்திருந்தது என்று அப்பா கேட்டால்கூட, யோசிக்காமல் கெம்போங் என்பேன்.

தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிறு. கடற்கரைச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆன்ட்டி லிட்டில் இந்தியா பக்கம் திரும்பினார். அம்மாவின் பாட்டு நின்றது. தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக மிதித்தார். மார்க்கெட் ஸ்திரீட்டில், தீபாவளி வியாபாரத்துக்காகச் சீக்கிரமே திறந்திருந்த தம் சேலைக்கடை வாசலில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். பெரியப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. என் அம்மா ஓட்டுவதை நம்மவர் ஒருவராவது பார்க்க வேண்டாமா?

"பெரியப்பா, அம்மா ஓட்டுறாங்க பாருங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அம்மா இறங்கி நின்றார். பெரியப்பா சிரித்தார். எனக்கு ஒரு லட்டு தந்தார்.

"நல்லாத்தான் ஓட்டுற லா. என் தம்பிக்குத் தெரியுமா?"

அம்மா தலையாட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. லட்டு கிடைத்ததால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்தேன்.

அன்று மாலை அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர், "அண்ணே போன் பண்ணாரு," என்றார். அவ்வளவுதான். அம்மா அவர் தட்டில் கீரையைப் பரிமாறினார்.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டியபோது, முட்டி வலிக்கிறது என்றார் அம்மா. அதற்கடுத்த வாரமும் அதேதான். எனக்கு மனசு கேட்கவில்லை. தைலத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். முதல் வாரம் வலது காலை நீட்டினார். மறுவாரம் இடது காலை நீட்டினார். வலி கால் மாறிப் போய்விட்டதாக்கும் என்று எண்ணி, இரண்டு முட்டியிலும் அழுத்தித் தேய்த்துவிட்டேன்.