ஒரே பெயரில் இரண்டு படங்கள்

போன செவ்வாய்க்கிழமை என் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வத்தேகம போனேன். அங்கே கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறார்கள் ரிஸ்வான் நானாவும் அவர் மனைவி நஸீராவும்.

இருவரும் பாவிப்பது ஒரே புரோகிராம்தான் — திரை நடுவால் பிரிந்து இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் இன்னொன்று தெரியுமே, அது. ஆனால் வேலை செய்யும் விதம்? நானா மவுஸைத் தொடமாட்டார். கீபோர்டில் ஒரு தட்டு, நூறு ஃபைல் அந்தப் பக்கம் போய்விடும். நஸீரா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மவுஸால் இழுத்துக்கொண்டுபோய் வைப்பார்.

"இவ ஃபைல் கொப்பி பண்ற இல்ல, மகளுக்கு மாப்பிள பார்க்கிற மாதிரி பார்க்கிற" என்பார் நானா.

அன்று பன்விலயிலிருந்து யோகேஸ்வரி வந்தார். பாலர் பாடசாலை டீச்சர். கணவர் இறந்து இரண்டு வருடம். கணவர் எடுத்த படங்கள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. செருகியதுமே டிஸ்க் கடகடவென்றது.

"இது கனநேரம் தாங்காது டீச்சர்" என்றார் நானா.

இடப்பக்கம் டிஸ்க். வலப்பக்கம் டீச்சரின் லெப்டொப். படங்கள் ஓடத் தொடங்கின. பாதியில் திரை நின்று கேட்டது — இதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, என்ன செய்ய?

அப்படியான படங்களை விட்டுவிட்டு மேலே போக, நானாவின் விரல் 'எல்லாவற்றையும் ஸ்கிப் செய்' என்பதற்குப் போனது. நஸீரா அந்தக் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. பேர் ஒண்டுதான். சைஸ் வேற."

"டிஸ்க் நிண்டா எல்லாம் போயிடும் நஸீரா..."

"அப்ப ரெண்டையும் வைங்க. பேர மாத்தி வைங்க."

நானா ஒரு விநாடி யோசித்தார். பெயர் மாற்றும் பட்டனைத் தட்டினார். கடைசிப் படம் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் டிஸ்க் நின்றது. பிறகு எழவே இல்லை.

இனி நஸீராவின் முறை. ஒரே பெயர்க்காரர்களை ஜோடி ஜோடியாகத் திறந்தார். ஒரு ஜோடியில், லெப்டொப்பில் முதலே இருந்தது பிறந்தநாள் கேக். டிஸ்க்கிலிருந்து வந்ததில், கட்டிலில் யோகேஸ்வரியும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். பின்னாலிருந்த அலுமாரிக் கண்ணாடியில், கெமராவைப் பிடித்தபடி ஒரு மனிதர் சிரிக்கிறார்.

யோகேஸ்வரி கதிரையை இழுத்துக் கிட்டே வந்தார்.

"இத நான் பார்த்ததே இல்லங்க அக்கா. எப்பவும் அவருதான் படம் எடுப்பாரு. அதனால எதுலயும் அவரு இருக்க மாட்டாரு."

நஸீரா படத்தைப் பெரிதாக்கினார். அந்த முகம் திரை முழுக்க வந்தது. கொஞ்சம் மங்கல்தான். யோகேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தார். நானா எழுந்து வெளியே போய் மூன்று பிளேன்டீ சொல்லிவிட்டு, உடனே உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

நானாவின் வேகம் இல்லாவிட்டால் படங்கள் வந்து சேர முதலே டிஸ்க் நின்றிருக்கும். நஸீராவின் நிதானம் இல்லாவிட்டால்... அந்த மனிதரை யார் கண்டிருப்பார்கள்?

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். நானா இப்போதும் அதே வேகம்தான். ஆனால் 'ஸ்கிப்' என்று தட்டுவதற்கு முன், ஒரு தடவை மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.