பாலத்துக்காரனைக் கொல்ல ஒரு சம்மதம்

காட்டேரி என்ற பெயரை அண்ணி முதன்முதலாகக் கேட்டது, கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டில் கால் வைத்த அன்றைக்கு மத்தியானம். சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாமியார் சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "காட்டேரி சாப்பிட்டாளா, இல்ல எழுதிக்கிட்டே பட்டினி கிடக்கிறாளா?" என்று கத்தினார். புதுப்பெண்ணுக்குச் சோறு தொண்டையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த சின்ன மாமியார் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை அவர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதியும் அவர்தான்.

"பயப்படாதே கண்ணு, உன் நாத்தனார்தான். காலையில ஆஸ்பத்திரியில உட்கார்ந்து ஊர் ரத்தத்தை எல்லாம் எடுப்பா. சாயங்காலம் வீட்டுல உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறவங்களைப் பத்திக் கதை எழுதுவா. வேற என்ன பேரு வைக்கிறது, சொல்லு?"

உள்ளறையிலிருந்து ஒல்லியாக ஒருத்தி வந்தாள். புது அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்ல நரம்பு அண்ணி. தேடவே வேண்டாம். எங்கண்ணன் கொடுத்து வெச்சவன்."

அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு அது. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாமல் இருக்கிறார்களே என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

காட்டேரிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஆஸ்பத்திரியில் ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும் சிலைபோல உட்காருவாள். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்பாள். எதிரில் இருப்பவர் மாமா, மச்சான், மகள் வயிற்றுப் பேரன் என்று சொல்லத் தொடங்குவதற்குள் குழாய் நிரம்பிவிடும். பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லி அனுப்பிவிடுவாள். பாதியில் நின்ற பேரனின் கதை அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். வீட்டில் நடந்துகொண்டேதான் கதை கட்டுவாள். கூடத்துக்கும் பின்வாசலுக்கும் செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் எழுதியது தனிக் கதை அல்ல. அவளைப்போல இன்னும் சிலர் சேர்ந்து ஒரே உலகத்தை வைத்து எழுதினார்கள். மனிதர்களுக்கும் ரத்தக்காட்டேரிகளுக்கும் நடக்கும் யுத்தம். 'இருட்டுக்காரர்கள்' என்று கதையில் பெயர். நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், இந்தக் கரை நமக்கு, அந்தக் கரை அவர்களுக்கு. ஒருவர் கதையில் எரிந்த தெரு அடுத்தவர் கதையிலும் எரிந்தே கிடக்க வேண்டும். ஒருவர் கதையில் ஊமையானவள் இன்னொருவர் கதையில் பாடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தொகுப்பு வரும். ரயில் நிலையக் கடைகளில் தொங்கும். எல்லாருக்கும் மேலே இருந்தவர் ஒரு தையல்காரர். அவர் கடை மாடியில் யுத்தத்தின் வரைபடத்தைத் துணியில் தைத்து, யார் எங்கே இருக்கிறார் என்று குண்டூசி குத்தி வைத்திருப்பார்.

அந்த உலகத்தில் இரண்டு சட்டங்கள் முக்கியம். ஒன்று, கூப்பிடாமல் இருட்டுக்காரன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. அதனால் அங்கே யாரும் யாரையும் 'வாங்க' என்று சொல்வதில்லை. கதவைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். மனிதனாக இருந்தால் தானாக உள்ளே வருவான். இருட்டுக்காரனாக இருந்தால் வாசலிலேயே நின்று, விடிந்ததும் வெயில் பட்டுச் சாம்பலாவான்.

இரண்டாவது சட்டம் எழுதுகிறவர்களுக்கானது. ஒருவர் படைத்த ஆளை இன்னொருவர் இரவல் வாங்கலாம். அடிக்கலாம், காயப்படுத்தலாம், காதலிக்கக்கூட வைக்கலாம். ஆனால் கொல்ல வேண்டுமென்றால் படைத்தவரின் வீட்டுக்கு நேரில் போய், வாசலில் நின்று, முகத்தைப் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் செல்லாது. இதற்குச் 'சாவு கேட்பது' என்று பெயர்.

முதல் தடவை கண்டக்டர் சாவு கேட்டு வந்தபோது அண்ணிதான் கதவைத் திறந்தாள். அவரும் அந்தக் கூட்டத்தில் எழுதுகிறவர். பஸ்ஸில் கூவிக் கூவித் தொண்டை பெருத்த மனிதர்.

"வணக்கம். உங்க வீட்டு டாக்டரைக் கொன்னுடலாம்னு இருக்கேன்."

எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று திறந்தது. அண்ணி அசையாமல் கேட்டாள். "எப்படி?"

"கழுத்துலதான்."

"நிதானமா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க. அவரு செத்தாதான் கதை நகரும்."

அதற்குள் உள்ளேயிருந்து காட்டேரி சிரித்துக்கொண்டு ஓடி வந்து, "அட, உள்ள வாங்க" என்றாள். கண்டக்டர் உள்ளே வரவில்லை. "அண்ணி கூப்பிடலையே, நான் எப்படி வர்றது?" என்றார். அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் வரும்போதெல்லாம் அண்ணி வேண்டுமென்றே வாயைத் திறக்க மாட்டாள். அவரும் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நிற்பார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. அண்ணியின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நீண்ட ஓட்டத்துக்குப் போனவரின் போன் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. மாமியார் மகன் வந்துவிடுவான் என்று நினைத்தபடியே கண்ணை மூடினார். பிறகு ஒருநாள், அவரோடு ஓடிய இன்னொரு டிரைவர் வந்து, கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் நின்றார்.

"நல்லாத்தான் இருக்காரு தங்கச்சி. உடம்புகூட கொஞ்சம் போட்டிருக்கு. அங்கேயே வீடு பிடிச்சுட்டாரு. வீட்டுல... ஆளும் இருக்காங்க."

அண்ணி தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அழவில்லை. சலவைக் கடையில் இஸ்திரி வேலைக்குச் சேர்ந்தாள். காட்டேரி அழுதாள். பிறகு நடந்தாள். கூடத்துக்கும் பின்வாசலுக்கும் இரண்டு நாள் நடந்துவிட்டு உட்கார்ந்து ஒரு கதை எழுதினாள்.

அந்த வருஷத் தொகுப்பில் பாலத்துக்குக் காவலாக ஒருவன் வந்தான். தனி ஆளாக இருட்டுக்காரர்களை நிறுத்துகிறவன். நின்றுகொண்டே சாப்பிடுகிறவன். போல்ட்டை முறுக்கும்போது சுருதி சேராமல் சீட்டியடிக்கிறவன். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிறவன். அண்ணி மூன்றாம் பக்கத்திலேயே தன் வீட்டுக்காரரை அடையாளம் கண்டுகொண்டாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

"என்னடி இது?"

"கதை அண்ணி."

"அங்க பாலத்தைக் காப்பாத்துறான். இங்க குழாய் ஒழுகுது, அதைச் சரிபண்ண ஆளில்லை."

அடுத்த வருஷமும் அவன் வந்தான். அதற்கடுத்த வருஷமும் வந்தான். படித்தவர்களுக்கெல்லாம் அவனைப் பிடித்துப்போனது. மற்றவர்களும் அவனை இரவல் வாங்கி வீரதீரம் செய்ய வைத்தார்கள். ஒருநாள் சலவைக் கடை முதலாளியம்மா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "அந்தப் பாலத்துக்காரன் மாதிரி ஒருத்தன் கிடைச்சா, கால்ல விழுந்தாவது கட்டிக்குவேன்" என்று பெருமூச்சு விட்டாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து நின்றாள். யாரோ ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே கருகிப் பதிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணிக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அண்ணி முன்வாசல் பக்கம் நடந்தாள், காட்டேரி பின்வாசல் பக்கம் நடந்தாள். நடுக்கூடத்தில் எதிரெதிரே வரும்போது இருவரும் பேசாமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தையல்காரர், யுத்தம் முடியப்போகிறது, இதுதான் கடைசித் தொகுப்பு என்று அறிவித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கண்டக்டர் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"பாலத்தை வெடி வெச்சுத் தகர்த்தாதான் யுத்தம் முடியும். பாலத்துக்காரன் அது மேலயே நிக்கணும். அவனைக் கேட்டு வந்திருக்கேன்."

"முடியாது" என்றாள் காட்டேரி, அவர் முடிப்பதற்குள்.

"கொல்லுங்க" என்றாள் அண்ணி, சமையலறையிலிருந்து.

கண்டக்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் அப்புறமா வரேனே" என்று மெல்லப் படியிறங்கினார்.

அப்புறம் அந்த வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அத்தனை வருஷம் போடாத சண்டைக்கும் சேர்த்து.

"என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன் அண்ணி அவன். நான் எப்படி..."

"தூக்கி வளர்த்தான், சரி. என்னைக் கீழே போட்டுட்டுப் போனான், அதையும் எழுது! ஊரே அவனை மெச்சுது. நான் கடையில நின்னுக்கிட்டு அதைக் கேக்கணுமா?"

"ஒருநாள் திரும்பி வந்தான்னா?"

"வந்தா என்ன? பாலத்தைத் தூக்கிக்கிட்டா வருவான்?"

அண்ணி மூச்சு வாங்கி, குரலை இறக்கினாள்.

"கேட்டுக்கோ. கடைசிப் புத்தகத்துலயும் அவன் மாலையும் மரியாதையுமா உயிரோட நின்னான்னா, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். உன்மேல கோபத்துல சொல்லலை. அவனும் நானும் ஒரே வீட்டுல இருக்க முடியாது, அவ்வளவுதான்."

சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்து, கூடத்தில் கண்ணில் படும்படி வைத்தாள். அம்மா போனாள், அண்ணன் போனான், இனி அண்ணியும் போனால் அந்த வீட்டில் காட்டேரிக்குத் தன் செருப்புச் சத்தம்தான் துணை. அது இருவருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்கக் காட்டேரி எழுதினாள், கிழித்தாள். பாலம் தகர்ந்தது, அவன் நீந்திக் கரையேறினான். கழுத்தில் கடிபட்டான், மருந்து கிடைத்தது. எப்படி எழுதினாலும் அண்ணன் தப்பித்துக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியிலும் கை தடுமாறியது. ஒரு கிழவரின் கையில் ஒரே இடத்தில் இரண்டு தரம் குத்திவிட்டாள். "வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டதும், பட்டையை அவிழ்க்க மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை அவளே வந்து அண்ணியிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காட்டேரி பக்கத்தில் வந்து நின்று, கேட்காமலேயே படிக்கத் தொடங்கினாள். பாலத்துக்காரன் பாலத்தில் சாகவே இல்லை. அவன் எப்போதோ கடிபட்டு, இருட்டுக்காரனாகி, அந்தக் கரைக்குப் போய், அங்கேயே வீடு பிடித்துக்கொண்டவன். இத்தனை வருஷம் பாலத்தில் நின்றது அவன் சட்டையைப் போட்டுக்கொண்ட வேறு யாரோ. யுத்தம் முடிந்த பிறகு, விடிவதற்குச் சற்று முன்னால், அவன் தன் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இடது காலைச் சாய்த்தபடி நின்று பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் கதவைத் திறக்கிறாள்.

காட்டேரி அங்கே நிறுத்தினாள்.

"மேல?" என்றாள் அண்ணி.

காட்டேரி தாளை மேஜைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு கதவைத் தட்டினாள்.

அண்ணிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து போய்த் திறந்தாள். நல்ல வெயில். படியில் நாத்தனார் முன்பின் தெரியாதவள்போல நின்றாள்.

"சாவு கேட்டு வந்திருக்கேன்."

"யாரை?"

"பாலத்துக்காரனை."

"முகத்தைப் பார்த்து, ஆள் யாருன்னு சொல்லிக் கேக்கணும். அதானே உங்க சட்டம்?"

"எங்கண்ணனை. அவன் என் ஆள் இல்லை அண்ணி, உங்க ஆள். நான் இரவல் வாங்கினதுதான். கொன்னுடலாம்னு இருக்கேன். சம்மதமா?"

அத்தனை நாள் கொல்லு, கொல்லு என்று கத்தியவளுக்கு இப்போது சட்டென்று வாய் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"கதவைத் திறக்கிறாளே, அவளைக் கத்தவிடாதே" என்றாள். "திட்டவும் வேண்டாம், நெஞ்சுல கட்டை அடிக்கிறதெல்லாம் வேண்டாம். கதவு திறந்தே இருக்கட்டும். 'வா'ன்னு மட்டும் சொல்ல வேண்டாம். அடுப்பைப் பத்தவெச்சு அவ வேலையை அவ பார்க்கட்டும்."

"அவன்?"

"நிக்கட்டும். அதான் விடிஞ்சுடுமே."

காட்டேரி தலையாட்டினாள். ஆனால் படியைவிட்டு அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"சம்மதம்" என்றாள் அண்ணி. பிறகு கதவை அகலத் திறந்து, "உள்ள வா. வெயில்ல நின்னு மயக்கம் போட்டா உனக்கு யாருடி ஊசி போடுறது?" என்றாள்.

கதை அன்று சாயங்காலமே தையல்காரர் கடை மாடிக்குப் போனது. அவர் படித்துவிட்டு, துணி வரைபடத்தில் பாலத்துக்காரனின் குண்டூசியைப் பிடுங்கினார். எதிலும் குத்தாமல் தன் சட்டைக் காலரில் செருகிக்கொண்டார் என்று கண்டக்டர் வந்து சொன்னார். பெட்டி கட்டிலுக்கு அடியில் திரும்பப் போனது. சலவைக் கடை முதலாளியம்மா கடைசிப் புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

காட்டேரி இப்போதும் அதே வீட்டில், அண்ணியோடு இருக்கிறாள். காலையில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறாள். சாயங்காலம் கூடத்துக்கும் பின்வாசலுக்கும் நடக்கிறாள்.