பெட்டி அதே பெட்டிதான்

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். இங்கிலீசு வராது. ஆனால் ஒரு இங்கிலீசு எழுத்தை ஒருதரம் பார்த்தால் அதன் கோணல் மனதில் நிற்கும். தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பக்கம் பல வருடம் நின்றவள் நான். மூட்டையில் அடித்திருக்கும் எழுத்தைப் பார்த்தே உள்ளே என்ன தூள் என்று சொல்லிவிடுவேன். கடையில் சாமான் மாற்றி வாங்கி வந்தேன் என்ற பேச்சை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். என் மகள் பகலில் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கள் லயம் மலை மடிப்புக்குள் இருப்பதால் போனுக்குச் சிக்னல் எட்டாது. கீழே வாசகசாலையில் இன்டர்நெட் இருக்கிறது. அதை வீடுவரை இழுக்க, கம்ப்யூட்டரில் செருகும் விரல் நீளக் குச்சி ஒன்று. சிக்னலைப் பிடிக்க அதற்கு ஒரு கொம்பு. கூரைத் தகரம் ஒழுகி அந்தக் குச்சி நனைந்து செத்துப்போனது. அந்தச் சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. இன்னொரு சனியும் தவறினால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று அங்கிருந்து மரியாதையாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பதுளையில் பிரஷர் கிளினிக். செத்த குச்சி வந்த பழைய பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். கிளினிக் முடிந்து, பஜாரில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில், பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். படம், நிறம், எண் எல்லாம் ஒன்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவசரப்படவில்லை.

வீட்டில் செருகினால் ஒன்றும் இல்லை. மகள் கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டிப் பார்த்தாள்.

"வேற சாமான் வாங்கிட்டீங்க போலம்மா."

பெட்டிகள் இரண்டையும் அவள் முன்னால் வைத்தேன். எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள், சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று போனில் தேடிவிட்டு வந்து சொன்னாள். எங்கள் கம்ப்யூட்டரை ஓட்டுகிற புரோகிராம் லினக்ஸ். அது சும்மா கிடைப்பது. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அதுதான் ஓடும். குச்சியைச் செய்கிற கம்பனி பெயரையும் பெட்டியையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற சிப்பை மட்டும் மாற்றிவிட்டது. மற்றக் கம்ப்யூட்டர்களில் புதுச் சிப் வேலை செய்ய வேண்டிய புரோகிராமைக் கம்பனியே கொடுக்கிறது. லினக்ஸ்காரருக்குக் கொடுப்பதில்லை. அவர்களில் யாராவது உட்கார்ந்து எழுதி முடித்தால்தான் உண்டு. ஊர் ஊராக ஆட்கள் இதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்களாம். எங்கள் பழையது முதல் வகை, புதியது மூன்றாம் வகை. அந்த வித்தியாசம் பெட்டியில் கிடையாது. குச்சியின் வயிற்றில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஃபேக்டரியில் ஒரு தூள் குறைந்தால் கீழ்மலைக் கொழுந்தின் தூளைச் சேர்த்து, மேலே அதே எழுத்தை அடித்து அனுப்பியிருக்கிறோம். நானும் அடித்திருக்கிறேன். வாங்கிக் குடித்தவர் என்ன நினைத்தார் என்று அன்றைக்கு யோசித்தது கிடையாது. அப்படிப்பட்ட நானே வெளி எழுத்தை நம்பி வாங்கி வந்தேன். மகளிடம் இதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை செத்த குச்சியையும் புதுக் குச்சியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முதலாளி புதியதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். உடனே பிடித்தது.

"நல்லாத்தானே வேல செய்யுது. உங்கட கம்ப்யூட்டர்லதான் ஏதோ பிழை."

"எங்க கம்ப்யூட்டர்ல பிழை இல்லீங்க நானா. பேரு ஒண்ணு, உள்ள இருக்க சாமான் வேற. மத்தப் பெட்டிங்கள ஒடைச்சு, குச்சியத் திருப்பிப் பாருங்க."

"சீல் ஒடைச்சா பொறகு யாருக்கு விக்கிற? கம்பனிக்காரன் உள்ளுக்கு வெச்சத நான் கண்டனா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் நான் உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு எழும்பவில்லை. அவர் மற்றவர்களைக் கவனித்தார். நான் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வைக்கு வைத்த சாமான்கள், வெயில் பட்டு வெளிறிப்போனவை. நடுவில் அதே குச்சி, கொம்போடு, பெட்டி இல்லாமல் கிடந்தது. எடுத்துத் தரச் சொன்னேன். வாசல் வெளிச்சத்தில் திருப்பி, செத்த குச்சியோடு சேர்த்து வைத்து, நேரம் எடுத்துப் பார்த்தேன். இரண்டின் வயிற்றிலும் ஒரே எழுத்து.

"அது சாம்பிள் அம்மா. வெச்சுப் பல வருஷம். பெட்டியும் இல்ல, வாரண்டியும் இல்ல."

"பெட்டிய வெச்சு நான் என்ன செய்ய? ரெண்டு பெட்டி பாத்தாச்சு. புதுச நீங்க எடுத்துக்கிட்டு இதக் குடுங்க."

திருப்பிக்கொண்டு வரக்கூடாது என்று மட்டும் சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை வகுப்பு நடந்தது. தூரத்துப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்பது அடுப்படி வரை கேட்டது. அடுத்தடுத்த சனியும் நடந்தது.

பிறகு ஒருநாள் மகள் பாறையில் நின்று, பதுளையில் ஒரு கடையில் முதல் வகைக் குச்சி கிடைத்தது என்று அந்த லினக்ஸ்காரர்களுக்கு எழுதியிருக்கிறாள். எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒருவர், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தார். என்ன பதில் போடட்டும் என்று என்னிடம் வந்து நின்றாள்.

"ஒண்ணுதான் இருந்துச்சு, அத எங்கம்மா பாத்து வாங்கிட்டாங்கன்னு போடு."

அப்படியே போட்டதாகச் சொன்னாள்.