ஒன்றிலிருந்து பத்துக்குள் என் முதுகு

இந்த நாட்டில் வலிக்கு மார்க் போடச் சொல்கிறார்கள். மகனோடு வந்து நான் குடியிருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் அரிசி கிடைக்கிறது, முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. குளிருக்கும் ஒருவழியாகப் பழகிவிட்டேன். பழகாதது இந்த மார்க்தான். பிசியோதெரபி அறையில் ஃபிராவ் கெல்லர் என்ற பெண்மணி என் இடுப்பில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே, "ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பது வருடத்துக்கு மேல் செக்கிங் மேசையில் குனிந்து நின்றவன் நான். அங்குலத்துக்கு எத்தனை தையல், பீஸுக்கு எத்தனை ஓட்டை என்று எண்ணித்தான் குடும்பத்தை நடத்தினேன். இன்றைக்கும் படி ஏறினால் எண்ணுவேன், தட்டில் இட்லி விழுந்தால் எண்ணுவேன். அப்படிப்பட்டவன் இந்தக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் "இரண்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் ஏழு. சில நாள் எட்டு. ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தால் நிமிர முடியாது. ஆனால் நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். நமக்காக ஒருவர் மெனக்கெடும்போது, வலிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னால், நீ செய்வது சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், பரிமாறுகிறவர் கேட்டால் "நல்லா இருக்குதுங்க" என்றுதானே சொல்கிறோம். ஃபிராவ் கெல்லர் சாம்பார் பரிமாறியவர் அல்ல. இரண்டு என்றால் அவருக்கு இரண்டுதான். "வெரி குட்" என்று அடுத்த வாரம் பயிற்சியைக் கூட்டினார். நான் இன்னும் பணிவாக "இரண்டு" என்றேன். அவர் இன்னும் கூட்டினார்.

எனக்கோ அவசரம். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் என் தங்கை தங்கமணியின் பேத்திக்குத் தை மாதம் காதுகுத்து. குழந்தையின் தாய் கவிதாவுக்கு உடன்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அவளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடி கொடுத்தவன் நான். அவள் மகளுக்கும் என் மடிதான் என்று தங்கை பல காலமாகச் சொல்லி வந்தாள். தரையில் மனைப்பலகை போட்டுச் சம்மணம் கட்டி உட்கார வேண்டும், அதுவும் திமிறும் குழந்தையோடு. போனில் என் முனகலைக் கேட்டுவிட்டுத் தங்கை சொன்னாள்: "அண்ணா, முடியலீன்னா சொல்லிப்போடுங்க. பங்காளி ஊட்டுப் பையன் ஒருத்தன உக்கார வெச்சுக்கலாம். இல்லீன்னா உங்களுக்கு நாற்காலி போட்டுக்கலாம்." நாற்காலியில் உட்கார்ந்து மாமன் மடி கொடுப்பதா? அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை போனபோது என் குட்டு உடைந்தது. ஃபிராவ் கெல்லர் என் வயிற்றின் இரண்டு பக்கமும், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பொட்டு மாதிரி சில வில்லைகளை ஒட்டினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர். எதிரே கம்ப்யூட்டர் திரையில் கோடுகள். தசை வேலை செய்தால் கோடு துடிக்கும், சும்மா இருந்தால் படுத்துவிடும். என்னைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்க வைத்து, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். முதுகுக் கோடுகள் மழைக்கால மின்னல் மாதிரி திரையின் விளிம்புவரை பாய்ந்தன. வயிற்றுக் கோடுகள் தூங்கிக்கொண்டிருந்தன. "எவ்வளவு வலி?" என்றார். "இரண்டு" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். கோபப்படவில்லை. "உங்கள் முதுகு வேறு எண் சொல்கிறதே" என்றார். எனக்குத் தலைகுனிய வேண்டிய இடம். ஆனால் ஏற்கெனவே நாலுகாலில் குனிந்துதான் இருந்தேன்.

அன்று எனக்கு வந்த உற்சாகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் என் உடம்பின் உள்ளே யார் வேலை செய்கிறார்கள், யார் ஓபி அடிக்கிறார்கள் என்று முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். ஷிப்டு முழுவதும் முதுகு ஒருவனே ஓவர்டைம் பார்த்திருக்கிறான். வயிறும் விலாவும் சம்பளம் மட்டும் வாங்கியிருக்கின்றன. காலை உயரத் தூக்கினால் முதுகுக் கோடு சீறியது. தாழ்த்தி, தூரமாக நீட்டினால் அடங்கியது, வயிற்றுக் கோடு மெல்ல விழித்தது. "நிஷ்ட் ஹோஹ், லாங்" என்பார் ஃபிராவ் கெல்லர். உயரம் வேண்டாம், நீளம் வேண்டும் என்று பொருள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிற்றை எக்கவும் கூடாது. யாரோ விளையாட்டாகக் குத்த வரும்போது வயிறு தானாக லேசாக இறுகுமே, அவ்வளவு போதும். எல்லாவற்றுக்கும் அடியில் பெல்ட் மாதிரி சுற்றியிருக்கும் தசைக்கு இந்த வில்லைகளின் கண் எட்டாதாம். அதை இடுப்பெலும்புக்கு உட்பக்கம் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

எனக்குச் சட்டென்று பனியனின் கழுத்தைச் சுற்றித் தைக்கும் இழுவைப் பட்டி, அந்த ரிப், ஞாபகம் வந்தது. செக்கிங்கில் அதை இழுத்துவிட்டுப் பார்ப்போம். இறுக்கமாக இருப்பது நல்ல ரிப் அல்ல. இழுத்தால் கொடுத்து, விட்டால் தன் இடத்துக்குத் திரும்புவதுதான் நல்ல ரிப். இதை ஃபிராவ் கெல்லருக்கு விளக்க ஆங்கிலம் போதாமல், போட்டிருந்த பனியனின் கழுத்தை நாலைந்து முறை இழுத்து இழுத்துக் காட்டினேன். அவர் எனக்குப் புழுங்குகிறது என்று எண்ணி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். பனிக்காற்று உள்ளே வந்தது. "நல்லா இருக்கிறதா?" என்றார். "மிக நன்றி" என்றேன், பல் கிட்டிக்க. பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

ஆனாலும் அன்றிலிருந்து வலிக்கு உண்மையான எண்ணைச் சொன்னேன். ஏழு என்றால் பயிற்சியைக் குறைத்தார். குறைத்ததும் உடம்பு பயிற்சிக்குப் பழகிக்கொண்டது. ஏழு ஆறாகி, ஐந்தாகி, மார்கழி முடிவதற்குள் நாலுக்கு வந்தது. டிக்கெட் போட்டோம்.

நெருப்பெரிச்சலில் தங்கை வீட்டுக்குக் கீழ்த்தளம் தையல் யூனிட், மாடியில் குடித்தனம். காலையில் ஓவர்லாக் மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் ஹால் தரை சன்னமாக அதிரும். அந்தத் தரையில் பாயை விரித்து நான் நாலுகாலில் நின்றபோது, தங்கையின் கணவர் துரைசாமி காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மச்சான், இதக் கத்துக்கவா பிளேன் ஏறிப் போனீங்க? நம்ம பட்டி மாடு சொல்லிக் குடுத்திருக்குமுங்களே."

"மாடு ஒரு காலத் தூக்கி நீட்டுமா மாப்பிள்ளை?"

"உதைக்கறப்ப நீட்டுமுங்க."

அப்படிச் சொன்னவர்தான் மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். அவருக்கும் கட்டிங் மேசை தந்த முதுகு. காலைக் கூரைக்குத் தூக்கினார். "உயரம் வேண்டாம், நீளம்" என்றேன். "ஜெர்மனிக்காரன் எதுக்கும் அளவு சொல்லுவானுங்க, பனியன் வாங்கற பையர் ஆச்சே" என்று முனகிக்கொண்டே தாழ்த்தினார்.

காதுகுத்து பல்லடத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில். பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை யாழினியை என் மடியில் வைத்தாள் கவிதா. "மாமா, பாத்துங்க" என்றாள். சுற்றி நின்ற கூட்டம் குழந்தையைப் பார்த்தது. தங்கை மட்டும் என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் காதில் குழந்தை என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஏமாந்துபோனது. இரண்டாவது காதுக்கு ஆசாரி கை எடுத்ததுமே அதற்குத் தெரிந்துவிட்டது. நான் மூச்சை மெல்ல விட்டேன். வயிற்றை லேசாக இறுக்கினேன். ஊசி இறங்கிய நொடியில் பிள்ளை வில்லாக வளைந்து பின்னால் எகிறியது, தலை என் நெஞ்சில் மோதியது. பழைய முதுகாக இருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பேன். என் உள்ளே எல்லாக் கோடுகளும் சேர்ந்து எழுந்ததை ஒயர் இல்லாமலே உணர்ந்தேன். பலகை அசையவில்லை. நானும் அசையவில்லை.

"அண்ணா, முதுகு வலிக்குதுங்களா?" என்று தங்கை ஓடிவந்தாள்.

"மூணு" என்றேன்.

துரைசாமி திகைத்துப் பார்த்தார். "மூணா? காது ரெண்டுதானுங்களே மச்சான்?"

கோயிலே சிரித்தது. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நான் விளக்கினேன். சொந்தக்காரர்கள் "ஓ" என்றார்கள். ஆனால் ஒரு பெரியம்மா, "ஏன் கண்ணு, நம்ம புள்ளைக்கு மடி குடுத்துட்டு வலிக்குதுன்னு சொல்லலாமா?" என்று கேட்டதும் உண்மை. அங்கே வலியை மறைத்துப் பிழை செய்தேன். இங்கே வலியைச் சொல்லிப் பிழை செய்தேன்.

கிளம்பும் நாள் காலையிலும் பாயை விரித்தேன். வலது கையை நீட்டினால் வாசல் பக்கம், அங்கே தொழிலாளர்களை ஏற்றிவந்த கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இடது காலை நீட்டினால் எடை பார்த்துக் கட்டி வைத்த பெட்டி. கீழே மெஷின்கள் ஓடத் தொடங்கின. காதில் எண்ணெய் பளபளக்க வந்த யாழினி, தன் டம்ளரைத் தண்ணீரோடு என் முதுகின் நடுவில் வைத்துவிட்டு, என்ன ஆகிறதென்று பார்க்க எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அடுப்படியிலிருந்து தங்கை கேட்டாள், "இன்னைக்கு எத்தனைங்கண்ணா?"

"முதுகுக்கு ஒண்ணு, தங்கம்."

"மத்ததுக்கு?"

மூச்சை மெல்ல விட்டு, வயிற்றை லேசாக இறுக்கினேன். ஒரு கை வாசலுக்கும் ஒரு கால் பெட்டிக்குமாக நின்றிருந்தேன். நடுவில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது, சிந்தவில்லை.