பங்களாவுக்கு வந்த கடல்

அப்பாவின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் இன்னமும் அந்தச் சாவி தொங்குகிறது. பூட்டுச் சாவி அல்ல. தண்ணீர் வால்வைத் திருகுகிற, முழ நீளமான, தலையில் குறுக்குக் கம்பி வைத்த இரும்புச் சாவி. ரப்பர் தோட்டத்தில் குடிதண்ணீர் திறந்துவிடுகிற வேலை அப்பாவுக்கு. மலைமேல் இருந்த ஊற்றுத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கும் மற்றது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்கும் போகும். பிரிகிற இடத்து வால்வு அப்பாவின் பொறுப்பு. அவர் வேலையை விட்டபோது சாவியைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் கரவனெல்லயிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அப்போதிருந்த துரை கொழும்புக்காரர். ரப்பர் மலைக்கு நடுவே கடல் மீன் வளர்க்கிற ஆசை அவருக்கு. மீன் மட்டும் இல்லை. உயிருள்ள பவளம், அது ஒட்டி வளரும் கற்கள், கல்லின் பொந்தில் குடியிருந்த ஒரு நண்டு என்று கடலில் ஒரு துண்டையே வெட்டி ஹாலில் வைத்திருந்தார். அவை வளர்ந்து இடம் போதாமல் போகவே, கொழும்பிலிருந்து பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று லொறியில் வந்து இறங்கியது. எங்கள் ஊற்றுத் தண்ணீர் அதற்கு அப்படியே ஆகாதாம். யந்திரத்தில் வடிகட்டி, பிறகு உப்புக் கலக்க வேண்டுமாம். அந்த யந்திரம் கொஞ்சம் நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதைவிட அதிகமாக வாய்க்காலில் கொட்டியது. ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கிற மாசி மாதம். ஊற்று நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, யந்திரத்துக்கு வேகம் பற்றவில்லை. “லயத்துப் பக்கம் மூடு. தவஸ் தெகக் விதரய்” என்றார் துரை. சிங்களத்தில் இரண்டே நாள்தானே என்று அர்த்தம்.

அந்த இரண்டாம் நாள்தான் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா. அந்த வருடம் கரகம் தூக்குகிறவர் அப்பா. கையில் காப்புக் கட்டி, கவிச்சி தொடாமல் விரதம் இருந்தார். மீனைச் சாப்பிடத்தான் தடை, மீனுக்குத் தண்ணீர் பிடிக்கத் தடையில்லை போலும். துரையிடம் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “சரிங்க தொர” என்பதற்கு மேல் அப்பா வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையிலிருந்து லீவில் வந்திருந்த நானும் அவரோடு மேலே போனேன். வால்வுக் குழியின் கொங்கிரீட் மூடியைத் தூக்கிப் பிடித்தது நான்தான். காப்புக் கட்டிய கையால் அவர் வால்வை மூடினார். இறங்கி வந்தபோது லயத்துப் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள்.

“மேல பைப்புல அடைப்பு. ரெண்டு நாளைக்கு சமாளிங்க” என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு அத்தை, உறவில்லாவிட்டாலும் அப்பாவை அண்ணன் என்றே கூப்பிடுகிறவர், “பாவம், விரதத்தோட மலையேறி எறங்குறீங்களே அண்ணே” என்று சொல்லிவிட்டுப் பள்ளத்து ஓடைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் மீன்களைக் குடி மாற்றுகிற வேலைக்கு அப்பா என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். பவளக் கற்களைப் பழைய தொட்டியின் தண்ணீரோடு வாளிகளில் எடுத்து வைத்தோம். “மெதுவா புள்ள, கல்லுலயும் உசுரு இருக்காம்” என்றார் அப்பா. மீன்களைப் புதுத் தண்ணீரில் சட்டென்று விடக்கூடாது, வாளியிலேயே பழக்க வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். அப்பா குந்தியிருந்து, ஒரு சின்னக் கோப்பையால் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஊற்றினார். பிறகு நீல விளக்கு எரிந்தது. சுருங்கிக் கிடந்த பவளங்கள் மெல்ல விரல் விரித்தன. மஞ்சள் மீன் ஒன்று புது வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடிப் பார்த்தது. அதைப் போல அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. லயத்தில் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லாத வேளையில் நான் வாய் பிளந்து ரசித்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கரகம் லயத்துக்கு வந்தது. கரகம் வாசலுக்கு வந்தால், தூக்கி வருகிறவரின் காலில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட வேண்டும். அது எங்கள் வழக்கம். தண்ணீர் இல்லாத நாளில் பேருக்கு ஒரு செம்பு ஊற்றுவார்கள் என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு வாசல் நிறைகுடம் காத்திருந்தது. ஓடையிலிருந்து, வழுக்குப் பாதையில், இடுப்பில் சுமந்து கொண்டுவந்த தண்ணீர். தலையில் கரகம் இருப்பதால் அப்பாவால் குனியவும் முடியாது, விலகவும் முடியாது. தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு வாசலிலும் அசையாமல் நின்றார். அத்தை தன் குடத்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தார். அப்பாவின் கால் நடுங்கியது. அருள் வந்துவிட்டது என்று யாரோ குலவையிட்டார்கள். அது அருள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தத் துரை பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். பெரிய தொட்டி பங்களாவின் பின்புறம் விரிசல் விட்டுக் கிடக்கிறது. இந்த வருடத் திருவிழாவுக்குப் போனபோது, குழாயடியில் அத்தையோடு நின்ற நேரத்தில் எனக்கு வாய் தாங்கவில்லை. “அந்த வருசம் பைப்புல அடைப்பே இல்ல அத்தே” என்றேன்.

அத்தை குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் புள்ள. அன்னைக்கே நாங்க மேல போயி வால்வு மூடியிருக்குறதப் பாத்துட்டுத்தான் வந்தோம்.”

“தெரிஞ்சுமா அவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?”

“வாசலுக்கு வந்த சாமிக்கு ஊத்தாம இருக்க முடியுமா? கொடம் நெறைய ஊத்துனது ஒங்கப்பாவுக்கு. அவரே வந்து ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்தோம்.” குடம் நிரம்பியதும் குழாயை மூடினார். “இன்னும் சொல்லல.”

வீட்டுக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் போல, “தண்ணி வருதா புள்ள?” என்று கேட்டார். பழைய வேலைப் பழக்கத்தில் கேட்கிறார் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். இந்த முறை நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

“அத்தே கொழாயடியிலதான் நிக்கிறாங்கப்பா. அவங்களுக்கு எல்லாம் தெரியும்.”

அவர் சாவியைப் புரட்டிப் பார்த்தார். கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துருவைத் துடைத்தார். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு சாவியை என்னிடமே நீட்டி, “இருந்த எடத்துலயே மாட்டிடு புள்ள” என்றார்.

மாட்டினேன்.