கொழும்புக்குப் போன ஆட்டோ டாப்

தொண்ணூறுகளில் பெங்களூர் சிவாஜிநகரில் ஆட்டோக்களுக்கு டாப் தைத்துக் கொடுப்பது என் தொழில். தலைக்கு மேலே போடும் ரெக்சின் கூரையைத்தான் டாப் என்போம். என் கணவர் ஆட்டோ ஓட்டினார். அவர் வண்டிக்கு மட்டும் உள்பக்கம் சிவப்பு ரெக்சின் கொடுத்து, ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டை வைத்துத் தைத்திருந்தேன்.

சேலை வாங்கக் கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரி அம்மா ஒருநாள் அந்த வண்டியில் ஏறினார். ஊரில் அவருக்கு ஆட்டோ சாமான் கடையும் இருந்தது. துணிக்கடை வாசலில் இறங்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இதை ஆர் தைச்சது?"

"என் வீட்லதான் மேடம்."

"அப்ப என்னை அவவிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வந்தார். தையலைத் தடவித் தடவிப் பார்த்தார். "நல்ல வடிவா இருக்கு. ஆனா வரி கட்டி எடுத்தா எனக்குக் கட்டாது" என்று சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தியாவும் இலங்கையும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் போட்ட செய்தி பேப்பரில் வந்தபோது அது பெரிய மனிதர்கள் சமாச்சாரம் என்று மடித்து வைத்துவிட்டேன். அது நடைமுறைக்கு வந்ததும் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு அந்த அம்மா போன் செய்தார். "அக்கா, இனி வரி குறையுமாம். தைச்சு அனுப்புவியளோ?"

தொம்மலூரில் ஏற்றுமதி செய்யும் ஒருவர் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டார். ஆனால் சரக்கு இங்கேயே தயாரானதுதான் என்று நிரூபித்தால்தான் சலுகை. அதைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

"ஃபேக்டரி எல்லம்மா?" என்று, அது எங்கே என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"இதே சார்" என்று கட்டிலருகே இருந்த மெஷினைக் காட்டினேன். இதெல்லாம் ஃபேக்டரியா என்று திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம்.

ரெக்சின் எங்கே வாங்கியது என்றார். திருப்பி, பின்னால் இருந்த நம் நாட்டு மில் முத்திரையைக் காட்டினேன்.

"ஒண்ணு தைச்சுக் காட்டம்மா" என்றார், இப்போது தமிழில்.

மூலையில் நான்கு மடிப்பு சேருமிடத்தில் ஊசி உடையும். அன்று உடையவில்லை. தைத்ததை இழுத்துப் பார்த்தவர், இங்கேயே தயாரானது என்று எழுதிவிடுவதாகச் சொல்லி, நாங்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். ரெண்டு நாடு கையெழுத்துப் போட்ட விஷயத்தில் எங்கள் ஓர் அறை வீட்டுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது!

பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு முதல் சரக்கை முடித்தேன். அது விற்றுத் தீர்ந்ததும் மறுபடி போன். "டிரைவர்மார் பெங்களூர் டாப் எண்டு பேர் சொல்லிக் கேக்கினம், அக்கா."

அதைக் கேட்ட நாள் முதல் என் கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்டாண்டில் எல்லாரிடமும், "நம்ம வீட்டம்மா தச்சது இப்ப கொழும்புல ஓடுது, தெரியுமா?" என்பார்.

"போதும், சும்மா இருங்க" என்று அதட்டுவேன். அவர் இன்னொருவரிடம் சொல்லப் போகும்போது, நானும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நிற்பேன்.